கரையும் அளவு

“எல்லாம் போட்டேன் மேடம். ஒண்ணையும் குறைக்கல. ஆனாலும் உடையுது.”

அர்த்தநாரி உடைந்த உலோகக் கம்பியின் இரண்டு துண்டுகளையும் மேசைமேல் வைத்தார்.

மெஹருன்னிசா அவற்றைத் தொடவில்லை. உடைந்த முகத்தைக் குனிந்து பார்த்தார். கற்கண்டை உடைத்த மாதிரி, பெரிய பெரிய முகங்களாக அது மின்னியது.

“மீதி எங்கே?”

“எந்த மீதி?”

“ஊத்தின பிறகு பாத்திரத்து அடியில தங்கினது.”

“அது கழிவுதானே மேடம். ஓரமா வெச்சிருக்கேன்.”

“அதை வெட்டுங்க.”

சொல்லிவிட்டு அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.

சேலத்துக்கு வெளியே, வெள்ளைக்கல் குன்றுகளைத் தாண்டி இருந்தது அந்தப் பொறியியல் கல்லூரி. அர்த்தநாரிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு, தன்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவரான மெஹருன்னிசாவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்திருந்தார். ஆசிரியர் மாணவரை ‘சார்’ என்பார். மாணவர் ஆசிரியரை ‘மேடம்’ என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாரிடம் படிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரமாகும்.

வேலையை விட்டதற்குக் காரணம் அவர் மனைவி மாதேஸ்வரி.

ஒரு நாள் அவள்மேல் பஸ் ஏறிவிட்டது. பிழைத்துக்கொண்டாள். இடது கால் முழங்காலுக்கு மேலேயே போய்விட்டது. மாட்டிக்கொள்ளக் கொடுத்த செயற்கைக் காலில் முழங்கால் மூட்டு எஃகு. அந்தக் கனத்தைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்ததில் தொடை முனையில் புண் வந்தது. ஆறியது. மறுபடி வந்தது. ஒரு நாள் அந்தக் காலைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள். பிறகு எடுக்கவில்லை.

மெக்னீசியம் எஃகின் கனத்தில் கால்பங்குகூட இல்லை. அதில் ஒரு முழங்கால் வார்த்துவிட வேண்டும். அர்த்தநாரிக்கு வேறு ஆராய்ச்சி கிடையாது.

ஆனால் மெக்னீசியத்துக்குத் தனியாக நிற்கும் பலம் கிடையாது. அதில் கொஞ்சம் துத்தநாகம் சேர்ப்பார்கள். அதைவிடக் கொஞ்சமாக சிர்கோனியம் சேர்ப்பார்கள். சேர்த்தால் உலோகத்துக்கு உள்ளே இருக்கும் படிக மணிகள் பொடியாகும், பலம் வரும் என்பது கணக்கு.

கணக்குப்படிதான் போட்டார். உடைந்தது.

அவர் பாத்திரத்து அடியில் உறைந்திருந்த கட்டியை எடுத்து மெதுவாக அறுத்தார். மெக்னீசியத் தூள் தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் மணல் வாளி. அறுத்த முகத்தை உப்புத்தாளில் தேய்த்தார். சொரசொரப்பான தாளில் தொடங்கி, கடைசியில் தொட்டாலே தெரியாத மென்மையான தாள் வரைக்கும். பிறகு அமிலத்தில் நனைத்து, கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

அடிக்கட்டியில் மணிகள் ரவை மாதிரி இருந்தன. நடுவில் கரையாத சிர்கோனியம் குப்பலாகக் கிடந்தது.

உடைந்த துண்டை வைத்துப் பார்த்தார். அதில் ஒவ்வொரு மணியும் கண்ணாடிக்குள் அடங்காமல் பரந்து கிடந்தது.

மெஹருன்னிசா வந்தபோது அவர் இன்னும் குனிந்தே இருந்தார்.

“நான் போட்டதெல்லாம் அடியில கிடக்குது மேடம்.”

“ஊத்தறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் விட்டீங்க?”

“நல்லா விட்டேன். அழுக்கு அடங்கட்டும், சுத்தமா வரட்டும்னு. அவளுக்குன்னு செய்யறது இல்லையா?”

“அழுக்கோட அதுவும் அடங்கிடுச்சு. அது கனமானது. விட்டா இறங்கிடும்.”

“ஆனா போட்டேனே மேடம்.”

“போட்டீங்க. சேர்ந்துச்சா?”

அர்த்தநாரி அடிக்கட்டியை மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

மறுநாள் வேறொரு கேள்வியோடு வந்தார்.

“நூத்துல ஒரு பங்குகூட இல்லாத ஒரு சாமான். அது இருந்தா வளையுது, இல்லாட்டி உடையுது. அவ்வளவு கொஞ்சம் அப்படி என்னதான் செய்யுது?”

மெஹருன்னிசா ஒரு வடிதாளைத் தண்ணீரில் நனைத்து மேசையில் விரித்தார். பேனாவைத் திறந்து நடுவில் ஒரு சொட்டு மை வைத்தார். மை ஊறி, ஊறி, தாளின் விளிம்பு வரைக்கும் போய் நின்றது.

இன்னொரு தாளை நனைத்தார். இந்த முறை பேனாவை உதறினார். தாள் முழுக்கப் பொட்டுப் பொட்டாக விழுந்தது. ஒவ்வொரு பொட்டும் கொஞ்ச தூரம் ஊறி, பக்கத்துப் பொட்டை முட்டியதும் நின்றுகொண்டது.

“இதுல எது வேலை செஞ்சது?” என்றார்.

அர்த்தநாரி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுவும் வேலை செய்யல மேடம். ஊறினது தாளு. சொட்டு அங்கங்க ஆரம்பிச்சு மட்டும் வெச்சுது.”

மெஹருன்னிசா இரண்டு தாளையும் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

அடுத்த முறை உலை பற்றவைத்தபோது இருவருமே முகமூடி போட்டிருந்தார்கள். முகமூடிக்குள் பேச முடியாது. கைதான் பேச்சு. அர்த்தநாரி சிர்கோனியத் துண்டுகளை ஒவ்வொன்றாக உருகிய உலோகத்தில் விட்டார். ஒரு கட்டத்தில் மெஹருன்னிசா உள்ளங்கையைக் காட்டினார். போதும்.

அவர் அந்தப் பக்கம் திரும்பி அச்சைப் பார்த்தபோது, அர்த்தநாரி இன்னும் இரண்டு துண்டு போட்டார்.

வார்ப்பு உடைந்தது. விரிசல் தொடங்கிய இடத்தைத் தேய்த்துப் பார்த்தால், நடுவில் கரையாத ஒரு சிர்கோனியக் கட்டி, சோற்றில் கல் மாதிரி.

“கூடப் போட்டீங்க,” என்றார் மெஹருன்னிசா. கோபமில்லை.

“பலம் கூடும்னு நினைச்சேன்.”

“கூடாது. ஒரு அளவுக்கு மேல அது வாங்கிக்காது.”

“எந்த அளவு மேடம்?”

“கரையற அளவு.”

“மிச்சம்?”

“மிச்சம் உங்க ஆசை. உலோகத்துக்கு அதுல சம்பந்தம் இல்ல.”

அதற்கப்புறம் அர்த்தநாரி அவர் சொன்னபடி செய்தார். அளவாகப் போட்டார். நீண்ட கம்பியால் அடியிலிருந்து மேலே வரும்படி கலக்கினார். அழுக்கு அடங்கவேண்டும் என்ற பயத்தை விழுங்கிக்கொண்டு, அது இறங்குவதற்குள் ஊற்றினார். ஆறியதும் ஒரு சோதனைக் கம்பியை எந்திரத்தில் மாட்டி வளைத்தார்கள். படீரென்ற சத்தத்துக்காக அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்.

சத்தம் வரவில்லை. கம்பி வளைந்துகொண்டே போனது.

அந்த உலோகத்திலேயே முழங்கால் வார்த்தார். செயற்கைக் கால் பொருத்தும் டெக்னீஷியன் ஒருவர் அதைக் காலோடு சேர்த்துக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோனபோது, கல்யாணத்துக்கு நகை எடுத்துப் போகிறவர் மாதிரி துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

மாதேஸ்வரி மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தாள். சமையலறை வரை போனாள். திரும்பி வந்தாள்.

“லேசா இருக்குதுங்க,” என்றாள். சிரித்தாள்.

பிறகு கழற்றினாள். கதவுக்குப் பின்னால் சாத்தினாள்.

அவர் காலையில் கிளம்பும்போது பார்ப்பார். அங்கேயே இருக்கும். சாயங்காலம் வந்து பார்ப்பார். சாத்தின கோணம்கூட மாறியிருக்காது. வலிக்குதா என்று கேட்டால் இல்லை என்பாள். புண் வந்திருக்கிறதா என்றால் அதுவும் இல்லை என்பாள். அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், தட்டைக் கையில் கொண்டுவந்து கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

ஒரு நாள் ஆய்வகத்தில் வந்து உட்கார்ந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“உடையல மேடம். கனமும் இல்ல. ஆனா போட மாட்டேங்கறா.”

மெஹருன்னிசா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அந்தக் கால் எதுக்கு சார்?”

“நடக்கறதுக்கு.”

“யார் சொன்னா?”

அர்த்தநாரி வாயைத் திறந்தார். மாதேஸ்வரி சொன்னதாக ஒரு பேச்சையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். டாக்டர் சொன்னது வந்தது. மைத்துனன் சொன்னது வந்தது. அவள் சொன்னது ஒன்றும் வரவில்லை.

“இன்னைக்கு உங்களுக்கு இங்க வேலை இல்ல,” என்றார் மெஹருன்னிசா. “வீட்டுக்குப் போங்க.”

“இன்னும் சாப்பாட்டு நேரம்கூட ஆகலையே மேடம்.”

“அதுக்குத்தான்.”

வெயிலில் பஸ் பிடித்துச் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து சேர்ந்தார். வீட்டுக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளேயிருந்து பொம்பளைகள் பேச்சு.

அந்தத் தெருவில் பாதி வீடுகளில் வெள்ளிக் கொலுசு வேலை. பொடி வளையங்களைத் தட்டில் கொட்டி, சுற்றி உட்கார்ந்து, ஒன்றோடொன்று கோர்ப்பார்கள். பஸ்ஸில் அடிபடுவதற்கு முன்னால் மாதேஸ்வரியும் செய்துகொண்டிருந்த வேலைதான். அடிபட்டதோடு விட்டுவிட்டாள் என்று அவர் நினைத்திருந்தார். அவர் போன பிறகு எல்லோரும் இங்கே கூடுவதும், அவர் வருவதற்குள் கலைவதும் அவருக்குத் தெரியாது.

கதவிடுக்கில் பார்த்தார்.

தரையில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மாதேஸ்வரி கட்டிலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி, உடம்பைத் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வட்டத்தை நோக்கிப் போனாள். ஒருத்தியும் எழுந்து உதவவில்லை. இரண்டு பேர் ஆளுக்குக் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள். அவ்வளவுதான்.

“உனக்கென்னடி மாதேசு,” என்றாள் எதிர்வீட்டுப் பெருமாயி, கோர்த்த கொலுசைத் தூக்கிப் பிடித்தபடி. “ஒத்தக் கொலுசு போதும். வெள்ளி மிச்சம்.”

அர்த்தநாரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மாதேஸ்வரி சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

அவரால் அங்கேயே நின்று பார்க்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அவளைத் தூக்கக் கை நீட்டினார்.

பேச்சு நின்றது. பெருமாயி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒருத்தி வளையங்களைத் தட்டிலிருந்து பைக்குள் தள்ளினாள். “வர்றோம் மாதேசு” என்று ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள்.

மாதேஸ்வரி தரையிலேயே இருந்தாள்.

“நல்லாப் போயிட்டிருந்துச்சு,” என்றாள்.

“தரையில இழுத்துக்கிட்டுப் போறியே மாதேசு. அதுக்குத்தானே கால் செஞ்சு குடுத்தேன்.”

“அதைப் போட்டா கீழ உட்கார முடியாதுங்க. பாதிதான் மடங்குது. நாற்காலியிலதான் உட்காரணும்.”

“உட்காரலாமே. அதுல என்ன?”

அவள் தரையில் சிந்திக் கிடந்த ஒரு வளையத்தைப் பொறுக்கினாள்.

“எல்லாரும் கீழ, நான் மட்டும் மேல. விசேஷ வீட்டுக்கு வந்தவ மாதிரி இருக்குது. உடம்பு எப்படி இருக்குன்னு மட்டும் கேக்கறாங்க. வேற பேச்சே எங்கிட்ட வர்றதில்ல.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?”

“நீங்க கேக்கலையே.” குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. “அந்த உலையில போய் வெந்துட்டு வர்றீங்க. கொண்டாந்து குடுத்ததும் இது சரியில்லன்னு எப்படிச் சொல்றது? மனசு கேக்கல.”

அவர் தூக்கப்போன கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் மெஹருன்னிசா முன்னால் நின்று சொன்னார்.

“முட்டி முழுசா மடங்கணும் மேடம். சம்மணம் போட அதுக்கு மேல சுழல்ற மாதிரி ஒரு தட்டு வேணும். இடம் கிடையாது. அதனால முட்டியோட சுவர் பாதியா மெலியணும்.”

“மெலிஞ்சா உடையும்.”

“உடையும்.”

மெஹருன்னிசா ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். “வரையுங்க.”

அது லேசில் வரவில்லை. மெல்லிய சுவரில் ஒரே ஒரு மணி பெரிதாகிவிட்டாலும் போதும், அது இந்தப் புறத்திலிருந்து அந்தப் புறம் வரை முட்டி நிற்கும். அதற்குள் விரிசல் வந்தால் தடுக்க ஆள் இல்லை. பொடி மணிகளாக இருந்தால் விரிசல் ஒவ்வொரு எல்லையிலும் திரும்ப வேண்டும், திரும்பித் திரும்பிக் களைத்துவிடும். அர்த்தநாரி கை எரிய எரியக் கலக்கினார். அச்சுக்கும் உலைக்கும் இருந்த தூரத்தைக் குறைத்தார். ஒரு கணம் தாமதித்த வார்ப்புகள் அவருக்கு உடைந்த முகத்தைக் காட்டின. பழைய அவசரத்தில் இன்னொரு துண்டு போடக் கை போகும். நிறுத்திக்கொள்வார்.

இந்த முறை மாதேஸ்வரியை ஆய்வகத்துக்குக் கூட்டிவந்தார். அட்டையில் செய்த மாதிரியை அவள் தொடையில் வைத்துப் பார்த்து, இங்கே இடிக்கிறது, இங்கே இன்னும் திரும்பணும் என்றாள். டெக்னீஷியன் வெட்டித் திருத்தினார். அவள் மறுபடி இல்லை என்றாள். அர்த்தநாரி குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு உலையைவிடச் சூடாக இருந்தது.

மெஹருன்னிசா அவளை மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்தார்.

“கொலுசு வளையம் கொட்டி வெச்ச மாதிரி இருக்குது,” என்றாள் மாதேஸ்வரி. “இது என்ன?”

“உங்க முட்டி.”

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

மழைக்காலம் முடிந்து கால் தயாரானது. மாட்டிப் பார்க்கிற அன்று மெஹருன்னிசாவும் வீட்டுக்கு வந்தார். நடுப்பகல். பெண்கள் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். அர்த்தநாரியைக் கண்டதும் ஒருத்தி எழப்போனாள்.

“உட்காருங்க அக்கா,” என்றார் மெஹருன்னிசா. செருப்பை விட்டுவிட்டு நேரே போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்து, தட்டிலிருந்து இரண்டு வளையங்களை எடுத்து எப்படிக் கோர்ப்பது என்று கேட்டார். பெருமாயி சொல்லிக்கொடுத்தாள். அவருக்கு வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

சமையலறையிலிருந்து மாதேஸ்வரி நடந்து வந்தாள். ஒரு கையில் காபித் தட்டு.

வட்டத்துக்குப் பக்கத்தில் வந்து தட்டைக் குனிந்து வைத்தாள். சுவரில் ஒரு கையை ஊன்றினாள். தொடைக்குக் கீழே சுழல் தட்டைத் திருப்பினாள். மடங்கத் தொடங்கினாள்.

அர்த்தநாரி வாசலோரம் நின்றிருந்தார். உடைகிற சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். காதெல்லாம் அதற்காகவே விறைத்துக் கிடந்தது. இரண்டு கையும் தாமாக முன்னால் வந்துவிட்டன.

சத்தம் எதுவும் இல்லை.

மாதேஸ்வரி தரைக்கு வந்து சேர்ந்தாள். புதுக் காலைக் கையால் இழுத்து மற்றக் காலுக்கு அடியில் போட்டுச் சம்மணம் கூட்டினாள். புடவையைச் சரிசெய்தாள்.

அர்த்தநாரி யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தார்.

பெருமாயி ஒரு பிடி வளையத்தை அள்ளி மாதேஸ்வரி மடியில் கொட்டினாள். “நேத்து விட்ட இடத்துல இருந்து சொல்லு,” என்றாள். “அந்த நாத்தனா கதை.”

மாதேஸ்வரி சொல்லத் தொடங்கினாள். மெஹருன்னிசா கோர்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். காபி கைமாறிக் கைமாறிப் போனது. காலைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை. வாசலைத் திரும்பிப் பார்க்கவும் ஆளில்லை.

அவர் கைகளை மெல்ல இறக்கிக்கொண்டார்.

கதை ஒரு சிரிப்பில் வந்து நின்றபோது மாதேஸ்வரி தலையைத் தூக்கினாள். தனக்குப் பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் லேசாக இடித்தாள். அவள் கொஞ்சம் நகர்ந்தாள்.

“நீங்க ஏன் இன்னும் நின்னுக்கிட்டே இருக்கீங்க?”

அர்த்தநாரி அந்த இடைவெளியைப் பார்த்தார்.

“உங்களுக்கு முட்டி மடங்காதா?”